வியாபாரமும் காதலும் ஒரே கணக்கேட்டில்: 'பேண்ட் பாஜா பாராத்' படத்தின் பின்னணி

'ஜிஸ்கே ஸாத் வ்யாபார் கரோ, உஸ்ஸே கபீ ந ப்யார் கரோ.' 2010 டிசம்பர் 10 அன்று வெளிவந்த 'பேண்ட் பாஜா பாராத்' என்ற இந்திப் படத்தில், கல்யாண ஏற்பாட்டுத் தொழிலைத் தொடங்கவிருக்கும் ஷ்ருதி கக்கர் தன் கூட்டாளி பிட்டு ஷர்மாவுக்கு விதிக்கும் முதல் நிபந்தனை இது. யாரோடு வியாபாரம் செய்கிறாயோ அவரை ஒருநாளும் காதலிக்காதே என்பது பொருள். தமிழில் இப்படிச் சொல்லும்போது கருத்து வந்துவிடுகிறது, ஆனால் மூலத்தில் உள்ள ஓசை வருவதில்லை. இந்தியில் 'வ்யாபார்', 'ப்யார்' என்ற இரு சொற்களும் ஒன்றின் எதிரொலியாக மற்றொன்று ஒலிக்கின்றன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லும் விதி, அவற்றை இணைக்கும் இயைபு ஓசையாலேயே சொல்லப்படுகிறது. படத்தின் முழுக் கதையையும் வசனகர்த்தா அந்த ஒரே வரிக்குள் வைத்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரன்வீர் சிங்கின் அறிமுகப் படம் என்றோ, கொண்டாட்டமான தில்லிக் கல்யாணப் படம் என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆயினும் காதலா, தொழில் முன்னேற்றமா என்ற கேள்வியைக் கையாண்ட இந்திக் காதல் நகைச்சுவைப் படங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. அந்தக் கேள்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கேள்வியாக இருப்பதில்லை என்பதைப் பிரசங்கம் எதுவும் செய்யாமல், கதையின் கட்டுமானத்திலேயே காட்டிய படம் இது. அதை விளக்குவதற்கு, கதை நடக்கும் ஊரையும் தொழிலையும் காலத்தையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கதை எளிமையானது. பிட்டு, மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவன். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பித் தந்தையின் கரும்பு விவசாயத்தில் சேர வேண்டும் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு, அதிலிருந்து தப்பிக்க வழி தேடுவது அவன் வேலை. அழைப்பில்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து சாப்பிடும்போதுதான், அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஷ்ருதியை முதலில் சந்திக்கிறான். அவளோ தில்லி நடுத்தரக் குடும்பத்துப் பெண். 'ஷாதி முபாரக்' என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, அதற்கான கணக்கும் திட்டமும் வைத்திருக்கிறாள். இருவரும் சேருகிறார்கள், ஜனக்புரியின் சிறிய கல்யாணங்களில் தொடங்கி வளர்கிறார்கள். சைனிக் ஃபார்ம்ஸ் பகுதியில் நடத்திய முதல் பெரிய கல்யாணத்தின் வெற்றிக் களிப்பில் ஓர் இரவைச் சேர்ந்து கழிக்கிறார்கள். மறுநாளிலிருந்து எல்லாம் சிதறுகிறது. நிறுவனம் இரண்டாகிறது, இருவரும் கடனில் விழுகிறார்கள். இருவரும் சேர்ந்து செய்தால்தான் வேலை என்று ஒரு பெரிய தொழிலதிபர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு நிபந்தனை போடும்போது மீண்டும் ஒன்றாகிறார்கள்.

இந்தக் கதையில் வில்லன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வந்த இந்திக் காதல் படங்களில் தடை எப்போதும் வெளியிலிருந்து வந்தது. பெண்ணின் தந்தை, சாதி, பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் இடையிலான தூரம் ஆகியவை காதலர்களைப் பிரித்தன. 'பேண்ட் பாஜா பாராத்' படத்தைத் தயாரித்த இதே யஷ் ராஜ் நிறுவனம் 1995இல் எடுத்து, இந்திய சினிமாவின் வரலாற்றிலேயே நெடுங்காலம் ஓடிய 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' என்ற காதல் படத்தில், கதாநாயகன் பெண்ணைத் தூக்கிச் செல்ல மறுத்து அவள் தந்தையின் சம்மதத்துக்காகவே காத்திருப்பான். அவன் என்ன வேலை செய்து பிழைக்கப் போகிறான் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அவனுக்கு லண்டனில் வசதியான அப்பா இருந்தார், அது போதுமானதாக இருந்தது. 2000க்குப் பிறகு வந்த படங்களில் பெற்றோர் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனார்கள். தடை காதலர்களின் மனத்துக்குள்ளேயே குடியேறியது. வேலை, வெளிநாட்டு வாய்ப்பு, கட்டுப்பட விரும்பாத மனநிலை ஆகியவை தந்தையின் இடத்தைப் பிடித்தன. 2005இல் வந்த 'சலாம் நமஸ்தே' மெல்போர்னில் நடக்கிறது, பெற்றோரின் முகத்தைக் காட்ட வேண்டிய தேவையே அதற்கு இல்லை. 2009இல் வந்த 'லவ் ஆஜ் கல்' படத்தில், நாயகி வேலைக்காக இந்தியா போகிறாள், கதாநாயகன் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கனவு வேலையை எதிர்பார்க்கிறான், எனவே இருவரும் காதலை நாகரிகமாக முடித்துக்கொள்கிறார்கள். பிரிவதற்கு விருந்து வைத்துப் பிரிகிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு 1991இல் தொடங்கிய பொருளாதாரத் தாராளமயமும், அதைத் தொடர்ந்து நகரங்களில் உருவான தனியார் வேலை வாய்ப்புகளும் அடித்தளம் என்பது பலரும் சொன்ன விஷயம். இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவின் முதல் மல்டிபிளெக்ஸ் திரையரங்கு 1997இல் தெற்குத் தில்லியின் சாகேத்தில் திறக்கப்பட்டது. அதன் பிறகு அத்தகைய அரங்குகளில் அதிக விலை கொடுத்துப் படம் பார்க்க வந்தவர்களில் பெரும் பகுதியினர் வேலைக்குப் போகும் நகர இளைஞர்கள். தங்கள் அலுவலகம், தங்கள் சம்பளம், தங்கள் தயக்கம் ஆகியவை திரையில் வருவதை அவர்கள் விரும்பினார்கள். ஆனால் அந்தப் படங்களில் வந்த வேலைகள் பெரும்பாலும் அலங்கார வேலைகளாக இருந்தன. கட்டடக் கலைஞர், சமையல் கலைஞர், வானொலித் தொகுப்பாளர் என்று பெயர் சொல்வார்களே தவிர, அந்த வேலையில் பணம் எப்படி வருகிறது, யார் யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்று எதுவும் தெரியாது.

'பேண்ட் பாஜா பாராத்' இங்கேதான் வேறுபடுகிறது. இதில் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. பூக்காரர், சமையல்காரர், பந்தல் போடுகிறவர் ஆகியோரை ஒவ்வொருவராகச் சென்று பார்த்து, பேரம் பேசி, சேர்த்துக்கொள்ளும் காட்சிகள் படத்தின் முதல் பாதியில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. குறைந்த செலவில் பெரிய வீட்டுக் கல்யாணத்தின் தோற்றத்தைக் கொண்டுவருவது எப்படி என்பதே அவர்களுடைய தொழில் ரகசியம். தொடங்குவதற்கு முன்பு ஷ்ருதி, பெயர்பெற்ற ஒரு கல்யாண ஏற்பாட்டாளரிடம் தொழில் கற்கப் போகிறாள், வாடிக்கையாளர் ஏமாற்றப்படுவதை நேரில் பார்த்து வெளியேறுகிறாள். அவளுடைய லட்சியத்துக்குத் தொழில் நேர்மை என்ற முதுகெலும்பு இருப்பதை அந்தக் காட்சி நிறுவிவிடுகிறது. பணக்காரியாக வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறவளாக அவளைக் காட்டியிருந்தால், பிற்பாதியில் அவளுடைய கோபத்துக்கு இவ்வளவு எடை இருந்திருக்காது.

தில்லியில் கல்யாணம் நடத்துவது என்றால் என்ன என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் அனுபவம் வேறு. நம்மிடம் கல்யாண மண்டபம் இருக்கிறது. மண்டபத்தை எடுத்துவிட்டால் மேடை, பந்தி போடும் கூடம், மாப்பிள்ளை வீட்டாருக்கு அறைகள், பாத்திரங்கள், பெரும்பாலும் சமையலுக்கு ஒரு கான்ட்ராக்டர் என்று பாதி வேலை அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் முடிந்துவிடும், மத்தியானச் சாப்பாட்டோடு கூட்டம் கலையும். தில்லியின் பஞ்சாபிக் கல்யாணமோ இரவு நேரத்தது. பல நேரங்களில் திறந்த வெளியிலோ, காலனியின் பூங்காவிலோ, பண்ணை வீட்டுப் புல்வெளியிலோ வெறும் தரையிலிருந்து எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும். துணிப் பந்தல், விளக்குகள், ஜெனரேட்டர், மாப்பிள்ளை ஏறி வரக் குதிரை, அவர் ஊர்வலத்துக்குப் பேண்டு வாத்தியம், நின்றுகொண்டே சாப்பிடும் விருந்துக்கான கடைகள், பெண்கள் ஆடிப் பாடும் சங்கீத் நிகழ்ச்சி, மெஹந்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். இவர்களில் ஒருவர் தாமதித்தாலும் அடுத்தவருடைய வேலை நிற்கும். இத்தனை பேரையும் ஒரே நூலில் கோக்கும் ஆள் தேவைப்படுவது இயல்பு. முன்பு அந்த வேலையை மாமாக்களும் சித்தப்பாக்களும் செய்தார்கள். கூட்டுக் குடும்பங்கள் சிறுத்து, அந்த மாமாவே அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு வர வேண்டிய நிலை வந்தபோது, பணம் வாங்கிக்கொண்டு மாமாவின் வேலையைச் செய்யும் வெட்டிங் பிளானர்கள் தோன்றினார்கள். படத்தின் தலைப்பே அந்தப் பொறுப்புகளின் பட்டியல்தான்: பேண்டு, வாத்தியம், மாப்பிள்ளை ஊர்வலம்.

ஜனக்புரியும் சைனிக் ஃபார்ம்ஸும் அந்த ஊரின் இரு முனைகள். ஜனக்புரி மேற்குத் தில்லியில், தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு உருவாக்கிய நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் தில்லியின் மேற்குப் பகுதிகளில் பெருமளவில் குடியமர்ந்தன. கையில் ஒன்றுமில்லாமல் வந்து கடை வைத்து நிமிர்ந்த அந்தத் தலைமுறைக்கு, பிள்ளையின் கல்யாணத்தைப் பலர் பார்க்க விமரிசையாக நடத்துவது மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். 2005ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரோ ரயில் ஜனக்புரியைத் தொட்டது, நகரத்தின் மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. சைனிக் ஃபார்ம்ஸ் தெற்குத் தில்லியில், நெடுங்காலம் அரசின் முறையான அங்கீகாரம் இல்லாமலே வளர்ந்த செல்வந்தர்களின் பண்ணை வீட்டுப் பகுதி. ஜனக்புரியிலிருந்து சைனிக் ஃபார்ம்ஸுக்குப் போக வேண்டும் என்று ஷ்ருதி சொல்லும்போது, தில்லிக்காரர்கள் அதை ஒரு முகவரி மாற்றமாக மட்டும் கேட்க மாட்டார்கள். இரண்டு தலைமுறைகளில் ஏற வேண்டிய படியை ஐந்தாறு கல்யாண சீசன்களில் ஏறிவிடத் துணியும் பேச்சு அது.

இந்தத் துல்லியம் தற்செயலாக வந்ததில்லை. இயக்குநர் மனீஷ் ஷர்மாவுக்கு இது முதல் படம். திரைக்கதை வசனம் எழுதிய ஹபீப் ஃபைசல், அதே 2010இல் இரண்டு மாதங்களுக்கு முன்பு, கார் வாங்கக் கனவு காணும் தில்லிக் கணக்கு வாத்தியாரின் குடும்பத்தைப் பற்றிய 'தோ தூனி சார்' படத்தை இயக்கி வெளியிட்டிருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே 'கோஸ்லா கா கோஸ்லா' (2006), 'ஓய் லக்கி! லக்கி ஓய்!' (2008) ஆகிய படங்கள் தில்லியின் நடுத்தர வர்க்கத்தை மும்பைத் திரையுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தன. சுவிட்சர்லாந்துப் பனிமலைகளில் காதல் பாடல் எடுத்துப் பெயர் வாங்கிய யஷ் ராஜ் நிறுவனம், ஜனக்புரியின் சந்துக்குள் வந்து நின்றதை இந்த அலையின் தொடர்ச்சியாகத்தான் பார்க்க வேண்டும். நாயகனும் நாயகியும் தில்லிக்காரர்கள் இல்லை என்பது வியப்பைத் தரும். ரன்வீர் மும்பையில் வளர்ந்தவர், அனுஷ்கா ஷர்மா ராணுவக் குடும்பத்தில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். ஆனால் 'பிசினஸ்' என்ற சொல்லைப் பிட்டு 'பின்னெஸ்' என்று உச்சரிப்பதிலும், சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் பிரெட் பக்கோடாவின் மேல் ஆணையிடுவதிலும் அந்த மண்ணின் வாடை குறையாமல் இருக்கிறது. அந்த நடிப்புக்காக ரன்வீருக்கு அறிமுக நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும், மனீஷ் ஷர்மாவுக்கு அறிமுக இயக்குநருக்கான விருதும் கிடைத்தன.

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். ஷ்ருதியின் விதியைக் கேட்கும்போது, உணர்ச்சிகளை ஒதுக்கிவிட்ட கறாரான பெண் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அவள் வீட்டுக் காட்சிகளைக் கவனித்தால் வேறொன்று புரியும். அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கப் பெற்றோர் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, அன்பானவர்கள். அந்த அன்பை வைத்தே அவள் அவர்களிடம் சில ஆண்டுகள் அவகாசம் வாங்கியிருக்கிறாள். அந்த அவகாசத்துக்குள் தொழிலை நிறுத்திக் காட்ட வேண்டும், அதன் பிறகு அவர்கள் பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்படியென்றால் அவளுடைய லட்சியம் தவணைக்கு வாங்கிய காலத்தில் நடக்கிறது. காதலித்துக் குழம்பி, ஓராண்டு வீணாகப் போனால் அந்த ஆண்டு அவளுக்குத் திரும்பக் கிடைக்காது. அவளுடைய விதி குளிர்ந்த மனத்திலிருந்து வந்ததில்லை. கையில் எண்ணிக்கொடுத்த நாட்களை வைத்திருப்பவளின் சிக்கனத்திலிருந்து வந்தது.

பிட்டுவுக்கு இப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை. தொழில் தோற்றால் கரும்புக் காடு அவனுக்காகக் காத்திருக்கும். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆலைகள் கரும்புக்குத் தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகளின் தீராத வேதனை, அதிலிருந்து ஓடிவர நினைக்கும் இளைஞனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவனுக்குப் பின்னால் நிலம் இருக்கிறது, தந்தையின் வீடு இருக்கிறது, எத்தனை ஆண்டுகள் கழித்துத் திரும்பினாலும் ஏற்றுக்கொள்ளப்படும் உரிமை இருக்கிறது. ஷ்ருதிக்குப் பின்னால் இருப்பது கல்யாணப் பத்திரிகை மட்டுமே. தொழிலில் இருவரும் சரிபாதிப் பங்காளிகள் என்று படம் சொன்னாலும், இருவரும் பணயம் வைத்தது சமமானது இல்லை.

இதைப் படத்தின் காலத்துக்குரிய புள்ளிவிவரம் ஒன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் வேலையில் இருந்த பெண்களின் விகிதம் நூற்றுக்கு 14க்கும் குறைவு. நகரம் வளர்ந்தது, சம்பளங்கள் உயர்ந்தன, பெண்கள் கல்லூரிக்குப் போவது பெருகியது. ஆனால் கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் இடையில் உள்ள சிறிய இடைவெளியில்தான் பெரும்பாலான பெண்களுக்கு வேலை என்ற ஒன்று நடந்து முடிந்தது. திரையில் பார்க்கும்போது ஷ்ருதி ஒரு தனி மனுஷியின் பிடிவாதமாகத் தெரிவாள். அந்த எண்ணை அறிந்த பிறகு, அவள் எதை எதிர்த்து நிற்கிறாள் என்பது துலங்கும்.

சைனிக் ஃபார்ம்ஸ் கல்யாணத்துக்குப் பிந்தைய இரவும் மறுநாள் காலையும் படத்தின் உயிர்நாடி. அந்த இரவை நெறிபிறழ்வாகப் படம் காட்டவில்லை. ஒரு பெரிய வேலையைக் கூட்டாக முடித்தவர்களுக்கு வரும் பரவசம் அது, களைப்பும் பெருமிதமும் கலந்து நிற்கும் நிலை. காலையில் ஷ்ருதி தான் காதலிப்பதை உணர்ந்து எழுகிறாள். பிட்டு பயந்து எழுகிறான். அவனுக்கு அவள் மேல் அன்பு இல்லாமல் இல்லை, ஆனால் அவள் போட்ட விதி இப்போது அவனுக்கு ஒளிந்துகொள்ள வசதியான மறைவிடமாகிறது. விதியை அவன் மீறவில்லை, காதலை அவன் எதிர்பார்க்கவில்லை, எனவே தான் பொறுப்பில்லை என்று மனத்துக்குள் வாதாடிக்கொள்கிறான். அவன் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்த ஷ்ருதி, தனக்கும் அது பெரிய விஷயமில்லை என்று நடித்து அவனுக்கு விடுதலை கொடுக்கிறாள். தன் நிறுவனத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் தன் காயத்தைத் தானே சிறியதாக்கிக் காட்டும் அந்தக் காட்சியில் அனுஷ்காவின் நடிப்பு, அவர் அதுவரை செய்திருந்த எதையும்விட ஆழமானது.

அதன் பிறகு நடப்பவற்றைத் தொழில் கண்ணோடு பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். கூட்டுத் தொழிலில் பேசாமல் விட்ட கணக்கு எங்கே போய் நிற்குமோ, அங்கேதான் இந்தக் கதையும் போகிறது. பூ ஏன் தாமதம், வாடிக்கையாளரிடம் ஏன் அப்படிச் சொன்னாய், இதை ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று சிறிய விஷயங்களில் வெடிப்பு தொடங்குகிறது. அவர்கள் பூவைப் பற்றிச் சண்டை போடவில்லை என்பது கூடவே நிற்கும் பூக்காரருக்கும் சமையல்காரருக்கும் தெரியும், ஆனால் தலையிட அவர்களுக்கு உரிமை இல்லை. கடைசியில் அவனை வெளியேறச் சொல்கிறவள் ஷ்ருதிதான். அவன் போட்டி நிறுவனம் தொடங்குகிறான். இரண்டு நிறுவனங்களும் வேலையில் தடுமாறிக் கடனில் மூழ்குகின்றன. அவளிடம் திட்டமும் ஒழுங்கும் இருந்தன. வீட்டுக்காரர்களின் மனத்தைப் படித்து, அவர்களோடு ஒருவனாகப் பேசி, இடுக்கண் வந்த நேரத்தில் சமாளிக்கும் சாமர்த்தியம் அவனிடம் இருந்தது. இரண்டும் பிரிந்தபோது இரண்டுமே முடமாயின.

ஆகவே காதல் வந்ததால் தொழில் கெட்டது என்ற முடிவுக்குப் படம் வரவில்லை. கூட்டாளிகளிடையே வேண்டிய நேர்மையைப் பிட்டு பணக் கணக்கில் கடைப்பிடித்தான், மனத்தின் கணக்கில் கடைப்பிடிக்கவில்லை. தொழில் கெட்டது அங்கேதான். காதலையும் லட்சியத்தையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் வழக்கமான படங்களிலிருந்து இது விலகி நிற்பதற்கும் அதுவே காரணம். 'லவ் ஆஜ் கல்' நாயகன் கனவு வேலைக்குப் போய், அங்கே வெறுமையை உணர்ந்து, வேலையை விட்டுவிட்டுக் காதலியிடம் திரும்புகிறான். அங்கே வேலை, காதலின் அருமையைப் புரியவைப்பதற்கான கருவி மட்டுமே. வேலையை விடுவது அவனுக்கு எளிதாகவும் இருக்கிறது. ஷ்ருதியால் அப்படி வேலையை விட்டுவிட்டு நிற்க முடியாது, விட்டால் அவள் யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பிட்டு திரும்பி வரும்போது, காதலோடு சேர்த்து வேலையையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

படத்தில் எனக்குக் குறையாகத் தெரிபவையும் உண்டு. லட்சியம் மிகுந்த பெண்தான் முதலில் காதலில் விழ வேண்டும், விழுந்தவுடன் அவள் முகமும் நடையும் கனிந்துவிட வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்புக்குக் கதை இடம் கொடுக்கிறது. பிரிவுக்குப் பிறகு அவள் துபாயில் இருக்கும் மாப்பிள்ளையோடு நிச்சயத்துக்குச் சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதம் கதையில் பிட்டுவை விழிக்கச் செய்யும் அதிர்ச்சியாகவே பயன்படுகிறது. அவளுடைய தரப்பில் அது எவ்வளவு பெரிய சரணாகதி, வாங்கிய அவகாசம் முடிந்துபோனதை ஒப்புக்கொள்ளும் வலி எத்தகையது என்பதற்குப் படம் இன்னும் இரண்டு காட்சிகள் ஒதுக்கியிருக்க வேண்டும். துபாய்க்குப் போனால் 'ஷாதி முபாரக்' என்னவாகும் என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை. ஏழாண்டுகள் கழித்து, 2017இல் வந்த 'பத்ரிநாத் கி துல்ஹனியா' இந்த இடத்தில் ஓரடி முன்னே வைத்தது. அதில் நாயகி விமானப் பணிப்பெண் வேலைக்காகக் கல்யாண மேடையையே விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போகிறாள். ஆனால் அந்தப் படம் தன் நாயகனின் வன்முறையை மிக எளிதாக மன்னித்தது, அந்த விஷயத்தில் பிட்டு எவ்வளவோ மேல். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, மனைவியின் புகழைத் தாங்க முடியாத பாடகனின் கதையை 1973லேயே ஹிருஷிகேஷ் முகர்ஜி 'அபிமான்' படத்தில் சொல்லியிருந்தார். அது நகைச்சுவைப் படம் இல்லை. இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பதற்குத் திரைத்துறைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

தெற்கே இந்தக் கதைக்கு இரண்டு வாழ்க்கைகள் கிடைத்தன. 2013இல் சித்தார்த், சமந்தா நடித்துத் தெலுங்கில் வந்த 'ஜபர்தஸ்த்', தங்கள் படத்தின் நகல் என்று யஷ் ராஜ் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கில் 2019இல் வந்த தீர்ப்பு, ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமையை மீறுவது என்பது அந்தப் படச்சுருளை அப்படியே பிரதி எடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, அதன் சாரத்தை எடுத்தாள்வதும் மீறலே என்று கூறியதால், சட்டத்துறையினரும் இந்தக் காதல் படத்தின் பெயரை மேற்கோள் காட்ட நேர்ந்தது. முறையான மறுஆக்கத்தை யஷ் ராஜ் நிறுவனமே தமிழில் 'ஆஹா கல்யாணம்' என்ற பெயரில் 2014 பிப்ரவரியில் வெளியிட்டது. கோகுல் கிருஷ்ணா இயக்கினார், தரண் குமார் இசையமைத்தார், நானியும் வாணி கபூரும் நடித்தார்கள். உற்சாகமும் பளபளப்பும் நிறைந்த அந்தப் படம் மூலத்தின் அளவுக்கு நம் மனத்தில் ஒட்டவில்லை.

அதற்குக் காரணம் நடிகர்களோ இயக்குநரோ இல்லை என்று நான் கருதுகிறேன். மாப்பிள்ளை அழைப்பு நம்மிடம் உண்டு, ஆனால் அது பாராத் ஆகாது. மண்டபமும் சமையல் கான்ட்ராக்டரும் இருக்கிற ஊரில், வெறும் புல்வெளியில் ஒரே இரவுக்கு ஓர் ஊரை எழுப்பி மறுநாள் கலைத்துவிடும் தொழிலின் பதற்றம் முழுதாக வராது. அதோடு சைனிக் ஃபார்ம்ஸுக்குச் சமமான ஏக்கத்தை ஒரே சொல்லில் எழுப்பும் இடப்பெயர் நமக்கு இல்லை. சென்னையின் அடையாறும் போயஸ் தோட்டமும் பணக்காரப் பகுதிகள்தான், ஆனால் நம் நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் முன்னேற்றத்தைக் கல்யாணம் நடக்கும் பகுதியை வைத்து அளப்பதில்லை. எத்தனை பவுன் போட்டார்கள், பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதை வைத்து அளக்கிறார்கள். ஷ்ருதியின் லட்சியத்துக்குத் தமிழில் முகவரி கிடைக்காமல் போனது அங்கேதான். அவளுடைய அவகாசக் கணக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் இங்கே பொருந்தும். படிப்பு முடித்த மகளிடம் 'இன்னும் ரெண்டு வருஷம்தான்' என்று சொல்லும் தந்தையின் குரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.